பொருள்: 'ரிட்டெய்னர்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

க. (கொக்குவில்):
அனைவருக்கும் வணக்கம். விளம்பர வாசகம் எழுதித் தனித்தொழில் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பு நடத்துகிறோம். அதற்கான கைந்நூலில் கட்டணம் நிர்ணயிப்பது பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு, மணித்தியாலத்துக்கு இவ்வளவு, முழு வேலைக்கு இவ்வளவு என்ற மூன்று முறைக்கும் தமிழில் தடுமாற்றம் இல்லை. நான்காவதான 'ரிட்டெய்னர்' முறையில்தான் நிற்கிறேன். வாடிக்கையாளர் மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து எழுத்தாளரின் சில மணித்தியாலங்களைத் தனக்கென்று பிடித்து வைக்கிறார். வேலை தந்தாலும் தராவிட்டாலும் பணம் உண்டு. 'தக்கவைப்புக் கட்டணம்' என்று எழுதியிருந்தேன். வாசித்த மாணவி, "விட்டுப் போகாமல் இருப்பதற்குக் கொடுக்கும் லஞ்சமா, ரீச்சர்?" என்று கேட்டாள்.

பண்டிதர் (சுன்னாகம்):
பிள்ளை, புதிதாக ஆக்குவதற்கு முன் வீட்டில் இருப்பதைத் தேட வேண்டும். வள்ளுவரின் கூலி மெய்வருத்தத்துக்குத் தருவது. மெய் வருந்தாத மாதத்துக்கு அது ஆகாது. ஊதியம் அவரிடம் இலாபம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்பதைப் பார்க்க. அதைச் சம்பளமாக இறக்கியவர்கள் நாம். சம்பளமோ சம்பா நெல்லும் அளத்து (உப்பளத்து) உப்பும் அளந்து கொடுத்த காலத்தின் சொல். எஞ்சுவது படி. தானியம் அளக்கும் படி, அளந்து கொடுக்கும் கொடைக்கும் பெயராயிற்று. 'மாதப்படி' என்று எழுதுங்கள். இரண்டே சொல்.

சு. (ரொறன்ரோ):
ஐயாவுக்கு வணக்கம். சம்பாவும் அளமும் கேட்க இனிக்கிறது, அவ்வளவுதான். வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்கான உணவு. படியிலும் எனக்குச் சிக்கல் உண்டு. பயணப்படி, பஞ்சப்படி என்று பழகிய காதுக்கு அது சம்பளத்தின் மேல் போடும் சில்லறை. நாங்கள் எழுதும் வாசகத்தையே சிலர் 'படி' என்கிறார்கள். 'மாதப்படி' என்று விலைமனுவில் போட்டால், மாதம் ஒரு விளம்பரப் பிரதி தருவேன் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார்.

பண்டிதர் (சுன்னாகம்):
வடமொழிக்கு அது தமிழிலிருந்து போயிருக்கலாம் என்று ஒருவராவது யோசிப்பதில்லை. சம்பு என்பது ஒரு புல்வகை. அதிலிருந்து தொடங்கினால்...

(பண்டிதர் ஐயாவின் மடலின் மிகுதியைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். ஆர்வமுள்ளவர்கள் அங்கே தொடரலாம். – க.)

வ. மாஸ்டர் (வட்டுக்கோட்டை):
உயர்தரத்துக்கு வணிகக்கல்வி படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 'நிலைக்கட்டணம்' போதும். மின்சாரப் பட்டியலில், ஓர் அலகும் எரிக்காத மாதத்துக்கும் நிலையான கட்டணம் என்று ஒரு வரி வருகிறதல்லவா? நீங்கள் கேட்கும் பொருள் அதேதான். வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்.

சு. (ரொறன்ரோ):
மாஸ்டர், பொருத்தம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்றாவது முறை இருக்கிறதே, முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி முடிப்பது, அதையும் 'நிலையான கட்டணம்' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் வேலை முடிந்தால் பணம் முடிந்தது. இதில் வேலையே இல்லாவிட்டாலும் பணம். நேர்மாறான இரண்டுக்கு ஒரே பெயர் என்றால் சண்டை வரும்.

சட்டத்தரணி (யாழ்ப்பாணம்):
எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். சொல்தான் இன்னும் ஆங்கிலம். அச்சாரம் என்று சிலர் சொல்வார்கள். அது பேரத்தை உறுதிப்படுத்தும் முற்பணம், மாதாமாதம் வருவதில்லை. நான் ஒற்றியைப் பற்றி யோசித்தேன். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் உள்ள ஒற்றியில், பணம் கொடுத்தவர் காணியை வைத்து அதன் பயனை எடுக்கிறார். இங்கே காணிக்குப் பதில் எழுத்தாளரின் நேரம். 'நேர ஒற்றி'! யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காமல் போகாது.

வ. மாஸ்டர் (வட்டுக்கோட்டை):
அக்கா, ஒற்றியை மீட்கும்போது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் ஓராண்டு உழைத்துவிட்டு முழுவதையும் எண்ணி வைப்பார்களா?

சட்டத்தரணி (யாழ்ப்பாணம்):
ஒப்புக்கொள்கிறேன். ஒற்றியை மீட்டுக்கொள்கிறேன்.

ந. (நல்லூர்):
நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு முன் ஒரு புடவைக் கடைக்குப் பெரிய பதாகை வாசகம் எழுதினேன். வாசகம் நான்கு சொல். அந்த நான்குக்கு முன் எழுதிக் கிழித்தது ஒரு கொப்பி. கடைக்காரர் நான்கைச் சொல்லின் விலையால் பெருக்கிக் காசை நீட்டினார். அதற்குப் பிறகுதான் மாதக் கணக்குக்கு மாறினேன். மணித்தியாலக் கணக்கும் சரிவராது. கை வேகமானால் வருமானம் குறைகிறது. ஆகவே இந்தச் சொல் எனக்கு அகராதிக்கு அல்ல, கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை முதலாளியின் முன்னால் நின்று சொல்வதற்கு வேண்டும். 'காத்திருப்புக் கட்டணம்' என்று சொல்லிப் பார்த்தேன். "நீர் என்ன ஓட்டோவா ஓடுகிறீர்?" என்றார். 'மாதக் கட்டுப்பணம்' என்றேன். கட்டுப்பணம் தேர்தல் வேட்பாளர் கட்டுவதல்லவா? "எந்தக் கட்சியில் கேட்கிறீர்?" என்றார்.

பண்டிதர் (சுன்னாகம்):
தம்பி, கடை முதலாளிக்கு விளங்குவதுதான் அளவுகோல் என்றால் தமிழில் ஒரு கலைச்சொல்லும் பிறந்திருக்காது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் டாக்டர் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார், நூல்களையும் பெயர்த்தார். உடலின் உள்ளுறுப்புகளுக்குச் சொல் கண்ட ஊரில் ஒரு கட்டணத்துக்குப் பெயர் இல்லையா?

ந. (நல்லூர்):
ஐயா, கிறீனின் மாணவர்கள் சொல்லைப் பாடமாக்கியே ஆக வேண்டும். என் முதலாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளங்காவிட்டால் அடுத்த ஆளைப் பிடிப்பார்.

க. (கொக்குவில்):
நாளை வெள்ளி. பணம் எதற்கு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதில் பலரும் ஒன்றாக நிற்கிறீர்கள். பணம் எழுத்துக்கு அல்ல, ஒதுக்கிவைத்த நேரத்துக்கு. எனவே 'நேர ஒதுக்கக் கட்டணம்'. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை இதற்கே, உற்சாகத்தோடு அல்ல என்றாலும். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ரிட்டெய்னர்' என்றும் போடுகிறேன்.

வ. மாஸ்டர் (வட்டுக்கோட்டை):
ஒதுக்கம் என்றவுடன் என் மாணவர்கள் கணக்கியலின் பொது ஒதுக்கம் என்று ஐந்தொகையில் போடுவார்கள். பரவாயில்லை, என் வாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எஞ்சிய மணித்தியாலங்கள் அடுத்த மாதத்துக்குக் கீழ்க்கொண்டு செல்லப்படுமா, மாத முடிவோடு அற்றுப்போகுமா என்று கைந்நூலில் இல்லை. அதை உடன்படிக்கையில் எழுதாதவருக்கு எந்தப் பெயரும் உதவாது. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதும் வேண்டும்.

க. (கொக்குவில்):
இரண்டையும் இப்போதே சேர்க்கிறேன், மாஸ்டர். நன்றி.

ந. (நல்லூர்):
முதலாளியிடம் புதிய சொல்லைச் சொன்னேன். விளங்கிவிட்டது. விளங்கியதால், "சும்மா இருக்கிற நேரத்துக்கும் காசா?" என்று கால்வாசி குறைக்கக் கேட்கிறார்.

பண்டிதர் (சுன்னாகம்):
மாதப்படி என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். ஒதுங்குதல், ஒதுக்குதல், ஒதுக்குப்புறம் எல்லாம் விலக்கி வைப்பதைக் குறிப்பவை. உரிமையாகப் பிடித்து வைப்பதை எங்கே குறித்தன? என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சங்க நூல்களிலிருந்து சான்றுகளுடன் நாளை விரிவாக எழுதுகிறேன்.