ஏற்காட்டு வீட்டு வாசலில் ஹாலோவீன்: மெஷின் புகை தரையில் தவழ என்ன செய்யலாம்?

காப்பித் தோட்டத்து வீடு:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் எங்கள் வீடு. மாமனார் வைத்த காப்பித் தோட்டம், நடுவில் பழைய ஓட்டு வீடு. மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். வருகிற அக்டோபர் 31 அன்று பெங்களூரிலிருந்து நான்கு குடும்பங்கள் வருகின்றன, மொத்தம் ஒன்பது பிள்ளைகள். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு விளையாடுகிற ஹாலோவீன் ராத்திரிக்கு வாசலை அலங்கரித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பரங்கிக்காயைக் குடைந்து கண், பல் வெட்டி உள்ளே விளக்கு வைப்பது பெரிய வேலையில்லை. வைக்கோல் பொம்மையை என் கணவரே கட்டிவிடுவார்.

புகைதான் வழிக்கு வரவில்லை. 400 வாட் புகை மெஷின் ஒன்று வாங்கினேன். நேற்று சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் சூடேறியது, ரிமோட்டை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு வெள்ளை வால் கிளம்பி இடுப்பு உயரத்துக்கு வந்தது, அங்கிருந்து நேராக சில்வர் ஓக் உச்சிக்குப் போய்விட்டது. இருபது எண்ணுவதற்குள் ஒன்றுமில்லை. நான் நினைத்திருந்தது வேறு. வாசலில் ஏழு கருங்கல் படிகள் இருக்கின்றன. பால் பொங்கி வழிகிற மாதிரி புகை படிபடியாக இறங்கி வரவேண்டும், பிள்ளைகள் கணுக்கால் வரை அதில் நனைந்து மேலே ஏறவேண்டும்.

1500 வாட் மெஷினை வாடகைக்கு எடுத்தால் சரியாகுமா? ட்ரை ஐஸ் நல்லது என்று ஒருவர் சொன்னார், சேலத்திலிருந்து காரில் கொண்டுவரலாமா? புகைக்காக மெஷினில் ஊற்றுகிற லிக்விட் ஒரு லிட்டர்தான் இருக்கிறது. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கித் தண்ணீர் கலந்து ஊற்றலாம் என்கிறான் என் மகன். அப்புறம் முக்கியமான விஷயம், வருகிற பிள்ளைகளில் ஒருத்திக்கு வீசிங் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

அக்டோபர் கடைசியில் ஏற்காட்டில் மேகமே வாசலுக்கு வருமே. மலை விளிம்பில் வேடிக்கை பார்க்கிற லேடீஸ் சீட் பக்கம் ஒருமுறை நின்றபோது பக்கத்தில் நின்ற என் தம்பி முகமே எனக்குத் தெரியவில்லை. மெஷின் எதற்கு?

காப்பித் தோட்டத்து வீடு:

வரும், ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. போன வாரம் காலை ஆறு மணிக்கு வந்து ஏழரைக்குப் போனது. எனக்கு ராத்திரி ஏழு மணிக்கு வேண்டும்.

குகை சீரியல் செட்:

தங்கச்சி, நான் சேலம் குகை. பந்தல், சீரியல் செட், மேடை லைட் என்று 28 வருடமாக இதே வேலை. ஹாலோவீன் நான் செய்ததில்லை. ஆனால் ஆடி மாதம் எங்கள் வண்டி வேடிக்கைக்குக் கைலாயம் செட் போட்டிருக்கிறேன். சாமி வேடம் கட்டியவர்களை ஜோடித்த வண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் வருவோம். சிவன் காலடியில் பனி தவழாவிட்டால் அது கைலாயமாகத் தெரியாது. நகர்கிற வண்டியில் புகையைக் கீழே நிறுத்திப் பழகியவன் சொல்கிறேன், அசையாத படிக்கட்டில் நிச்சயம் நிற்கும்.

பெரிய மெஷின் வேண்டாம். உன் மெஷினில் கோளாறே இல்லை, சூடுதான் காரணம். உள்ளே ஒரு உலோகக் கட்டி கடும் சூட்டில் இருக்கிறது. பம்ப் அதன் வழியாக லிக்விட்டைத் தள்ளுகிறது. ஆவியாகி, புகை வெளியே வருகிற மூக்கான நாசிலைத் தாண்டியதும் வெளிக்காற்று பட்டுப் பொடித்துளியாகிறது, அதுதான் கண்ணுக்குத் தெரிகிற புகை. சூட்டோடு வருவதால் இட்லிப் பானை ஆவி மாதிரி மேலேதான் போகும். 1500 வாட் போட்டால் இன்னும் பெரிய ஆவி கிளம்பும், அவ்வளவுதான். அதையே குளிரவைத்துவிட்டால் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும்.

அதற்கு ஒரு ஐஸ் பெட்டி செய்யவேண்டும். மீன்காரர்கள் வைத்திருக்கிற தெர்மாகோல் பெட்டி, மூடியோடு, இரண்டடி நீளம் இருந்தால் போதும். ஒரு பக்கச் சுவரில் மேலே ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கச் சுவரில் அடியை ஒட்டி ஒரு ஓட்டை. இரண்டும் நாலு அங்குல பிவிசி குழாய் நுழைகிற அளவு. உள்ளே பாதி உயரத்தில் கோழிக்கூண்டுக் கம்பி வலையை மேடை மாதிரி வளைத்து வை, அதன் மேல் ஐஸை அடுக்கு. கட்டிகள் எலுமிச்சம்பழ அளவிலிருந்து மாங்காய் அளவு வரை கலந்து இருக்கட்டும். பொடியாக உடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துவிடும், ஒரே பாளமாக வைத்தால் புகை சுற்றிக்கொண்டு ஓடிவிடும். மேலே நுழைகிற புகை ஐஸ் இடுக்குகளில் குளிர்ந்து, வலைக்குக் கீழே இறங்கி, அடி ஓட்டை வழியாக வழியும். உருகுகிற தண்ணீர் போக மூலையில் ஒரு சின்னத் துளை போடு.

நாசிலைக் குழாய்க்குள் செருகிவிடாதே, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நாலு விரல் இடைவெளி விடு. அந்த இடைவெளியில் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகவேண்டும். தவிர, நாசில் சூடு தெர்மாகோலையும் பிவிசியையும் உருக்கிவிடும். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. ஊர்வலம் கிளம்ப அரைமணி இருக்கும்போது கருகிய நாற்றம் வந்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். அந்த வருடம் கைலாயத்தில் பனி இல்லை. சிவன் வேடம் கட்டிய பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ரிமோட்டை அழுத்தியே பிடிக்காதே. ஐந்து நொடி விடு, அரை நிமிடம் பொறு, மறுபடி ஐந்து நொடி. வேகமாகத் தள்ளினால் குளிர நேரமில்லாமல் ஐஸைத் தாண்டிவிடும். இந்த வேலைக்கு 400 வாட்தான் தோது. ஐஸ் 10 கிலோ வைத்துக்கொள். சேலத்தில் பார் ஐஸ் உடைத்து வாங்கி, உமி போட்ட சாக்கில் கட்டினால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து சேரும். அலைய முடியாவிட்டால் மூன்று நாள் முன்பிருந்தே டிபன் பாக்ஸ்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்துச் சேர்.

பெட்டியை ஏழாவது படிக்கும் மேலே ஓரமாக வை, ஓட்டை படியைப் பார்க்கட்டும். வாய்க்காலுக்கு வரப்பு வேண்டும் இல்லையா? படியின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகளை நெருக்கி வைத்து, இடைவெளியில் முழங்கால் உயரத்துக்குச் சாக்கு கட்டு. அன்று மாலை ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காற்று எந்தப் பக்கம் என்று பார். காற்று பலமாக அடித்தால் எந்தப் பெட்டியும் உதவாது. ஆனால் ஈரமாக, அசையாமல் இருந்தால் புகை நெடுநேரம் கிடக்கும், அந்த ஈரம் உங்கள் மலையில் நிறையவே உண்டு.

வெளிச்சம் பாதி வேலை. வராந்தா டியூப் லைட்டை அணைத்துவிடு. முன்னாலிருந்து அடிக்கிற விளக்கில் புகை சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாகிவிடும். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரவேண்டும். 10 வாட் எல்இடி ஃபிளட் லைட் இரண்டை, ஒன்று பச்சை ஒன்று நீலம், தொட்டிகளுக்குப் பின்னால் தரையோடு வை. புகையின் ஒவ்வொரு சுருளும் தனியாகத் தெரியும்.

கரன்ட் விஷயம். 400 வாட்டுக்குச் சாதாரண 6 ஆம்ப் பிளக் போதும். 1500 என்றால் ஆறரை ஆம்ப் இழுக்கும், பெரிய 16 ஆம்ப் சாக்கெட் தேடவேண்டியிருக்கும். இன்வெர்ட்டரில் போடாதே. வோல்டேஜ் இறங்கினால் சூடேற நேரமாகும், அதனால் முன்கூட்டியே போட்டுவை. ஐப்பசி மழை, ஆகவே மெஷினும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூரைக்குக் கீழேதான் இருக்கவேண்டும்.

கடைசியாகப் படிக்கட்டு விஷயம். இந்தப் புகை இறங்கின இடத்தில் மெல்லிய வழுவழுப்பு படியும். ஈரக் கருங்கல்லில் அது ஆபத்து, அதுவும் படியே தெரியாமல் பிள்ளைகள் ஏறும்போது. ஒவ்வொரு படி விளிம்பிலும் நனைந்த கோணிச் சாக்கை விரித்துக் கல் வைத்துவிடு. பெரியவர் ஒருவர் படிக்குக் கீழேயே நிற்கட்டும். வீசிங் உள்ள குழந்தையின் அம்மாவிடம் முதலிலேயே பேசிவிடு. நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன், அம்மன் வேடம் கட்டிய சிறுமி ஊர்வலப் பாதி தூரம் இருமிக்கொண்டே வந்தாள்.

வேதியியல் வாத்தியார்:

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை குறைக்கத் தேவையில்லை. விட்டுப்போன இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. வெந்நீரில் போட்டால் மிக அழகான கனத்த புகை வரும். ஆனால் அது உருகாது, நேராக வாயுவாகிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் அதை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறுவது நினைக்கவே பயமாக இருக்கிறது. மூடிய காருக்குள் ஓட்டுநருக்கு முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம் என்று போகும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். குனிந்து விளையாடும் பிள்ளைகளின் மூக்கு இருக்கிற உயரமும் அதுதான். வெறுங்கையில் எடுத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும். ஒன்பது பிள்ளைகள் ஓடும் வாசலுக்கு வேண்டாம்.

கிளிசரின் கலவையும் வேண்டாம். அளவு தப்பினாலோ சூடு கூடினாலோ கிளிசரின் சிதைந்து அக்ரோலின் உண்டாகும். எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் நெடியில் இருப்பது அதுதான். நமது உப்புத் தண்ணீரைக் கலந்தால் நாசிலில் உப்புப் படிந்து அடைத்தும்விடும். மெஷினுக்கென்று விற்கும் லிக்விட்டே போதும், விட்டு விட்டு அடித்தால் ஒரு லிட்டர் அந்த ராத்திரிக்குத் தாராளம்.

நாகலூர்க்காரி:

சகோதரி, நானும் உங்கள் பக்கம்தான். ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன். ஹாலோவீன் படங்களில் வாசலில் சிலுவை போட்ட கல்லறைக் கற்களை நட்டு வைத்திருப்பார்கள். நவம்பர் 1 கத்தோலிக்கர்களான எங்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கு முந்தின இரவு என்பதால்தான் ஹாலோவீன் என்ற பெயரே. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று என் அப்பாவின் கல்லறையைக் கழுவி, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். உங்கள் வீடு ரோட்டோரம், தோட்டத்து வேலைக்குப் போகிற பலரும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். பூசணி, வெளவால், சூனியக்காரி எல்லாம் வையுங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படட்டும். கல்லறை மட்டும் வேண்டாமே. புகை ரோட்டுக்கு இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பைக்கில் வருகிறவர்கள் அந்த வளைவில் திடீரென்று பிரேக் போடுவார்கள்.

காப்பித் தோட்டத்து வீடு:

அட்டையில் நான்கு கல்லறை வெட்டி வைத்திருந்தேன் அக்கா. எடுத்துவிட்டேன். சொன்னதற்கு நன்றி, எனக்குத் தோன்றவே இல்லை.

காப்பித் தோட்டத்து வீடு (நவம்பர் 1):

நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும். ஐந்து மணிக்கு மழை பிடித்தது, ஆறேகாலுக்கு விட்டது. காற்று துளிகூட இல்லை, ஊதுபத்திப் புகை நூல் கட்டின மாதிரி நேராக நின்றது. வீசிங் உள்ள குழந்தையின் அம்மா, அவள் மேல்பக்கத்து ஜன்னலிலிருந்து பார்க்கட்டும் என்றார். அதனால் அவளிடமே ரிமோட்டைக் கொடுத்து, எண்ணி எண்ணி அழுத்தச் சொன்னேன்.

முதல் ஐந்து நொடிக்குப் பெட்டியிலிருந்து ஒன்றுமே வரவில்லை. பிறகு அடிக் குழாய் வாயில் நாக்கு நீட்டுகிற மாதிரி வெள்ளையாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது. ஏழாவது படியின் ஓரத்துக்கு வந்து கொஞ்சம் தயங்கி நின்று, அப்படியே மடிந்து ஆறாவது படியில் விழுந்தது. நாலாவது அழுத்தலில் கீழ்ப்படி வரை வந்துவிட்டது. நீல விளக்கில் சாக்குகளே தெரியவில்லை. பிள்ளைகள் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார்கள். பிறகு ஒரு சின்னப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை விட்டுப் பார்த்து, “ஜில்லுன்னு இருக்கு” என்றான். அதற்கப்புறம் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. ஜன்னலில் இருந்தவள் எட்டரை வரை ரிமோட்டை யாருக்கும் தரவில்லை. 10 கிலோவில் கால்வாசி ஐஸ் மீந்தது. ரோட்டுப் பக்கம் கட்டிய சாக்கைத் தாண்டிப் புகை போகவில்லை.

அண்ணா, மெஷினை அடுத்த வருடம் வரை எடுத்து வைக்கும்போது ஏதாவது செய்யவேண்டுமா?

குகை சீரியல் செட்:

படிக்கும்போதே கண்ணில் தெரிந்தது தங்கச்சி. தொட்டியில் மீதி லிக்விட்டை விட்டுவைக்காதே, வடித்துவிடு. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் கொஞ்சம் ஊற்றி, வெளியில் வைத்து இரண்டு தடவை அடித்து நாசிலைக் கழுவு. தொட்டி காலியாக இருக்கும்போது ரிமோட்டை அழுத்தாதே, பம்ப் போய்விடும். நன்றாக ஆறியபின் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வை. பெட்டியைத் தூக்கி எறியாதே, ஆடிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.