"மன அழுத்தமான" என்று எழுதினால் எங்கேயோ உதைக்கிறது. வேறு என்ன சொல்லலாம்?

தாழ்வாரம்:
வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். பெரும்பாலும் மகள்கள், மருமகள்கள், வயதான மனைவிகள். அடுத்த கூட்டத்துக்குத் துண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் வரியிலேயே நிற்கிறேன்.

"மன அழுத்தமான பராமரிப்பாளர்களுக்கு ஒரு மாலை" என்று எழுதினேன், பிடிக்கவில்லை. "அழுத்தத்துக்கு உள்ளாக்கப்பட்ட உறவினர்களே" என்று மாற்றினேன், போலீஸ் அறிக்கை போல இருந்தது. அப்புறம் "பாரமான குடும்பத்தினருக்காக" என்று போட்டேன். அதை வாசித்த என் மாமியார், "யாருக்கு யார் பாரம்? படுத்திருக்கறவங்களையா சொல்றே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாமனார் நான்கு வருடமாகப் படுக்கையில்தான் இருக்கிறார். அதிகம் பார்ப்பது மாமியார். அவர் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டேன்.

பேச்சில் "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எழுதும்போது "இப்படிப்பட்ட மகள்", "இப்படிப்பட்ட மனைவி" என்று முன்னால் வைக்க ஒரு சொல் வேண்டும். அன்றாட வாக்கியத்தில் உட்கார வேண்டும். உதவுங்கள்.

பிழைதிருத்தி:
உங்கள் மாமியார் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். "பாரமான மூட்டை" என்றால் கனக்கிற மூட்டை. "பாரமான மனிதர்" என்றாலும் கனக்கிறவர்தான், சுமக்கிறவர் இல்லை. "ஆன" சேர்த்தால் அந்தக் குணம் அவருடையதாகவே ஆகிவிடும். அழகான வீடு, இனிப்பான பழம் என்பது மாதிரி.

அழுத்தத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "அவன் அழுத்தமான ஆள்" என்றால் மனதில் இருப்பதை வெளியே விடாதவன் என்று அர்த்தம். "அழுத்தமான குரல்" என்றால் உறுதியான குரல். அதனால்தான் "மன அழுத்தமான" உங்களுக்கு உதைக்கிறது. "மன அழுத்தத்தில் இருக்கும் மகள்" என்றால் பிழை இல்லை, ஆனால் அறிக்கை வாசிப்பது போல இருக்கும்.

இந்த நிலையைத் தமிழ் பெரும்பாலும் வினையாலேயே சொல்கிறது. அவருக்கு என்ன ஆனது, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்து, அந்த வினையைப் பெயரெச்சமாக்கி முன்னால் வைத்தால் போதும். களைத்த, சோர்ந்த, துவண்ட, ஓய்ந்த என்பவை நடந்து முடிந்ததைச் சொல்லும். "போன" சேர்த்தால் அளவு மீறிவிட்டது என்று தெரியும். "களைத்த பெண்" ஒரு டம்ளர் மோர் குடித்தால் எழுந்துவிடுவாள். "களைத்துப்போன பெண்ணுக்கு" அது போதாது.

இன்னும் மூழ்கவில்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது என்றால் திணறும், அல்லாடும், திண்டாடும், தவிக்கும். இவை நான்கும் ஒன்றில்லை. "வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே அல்லாடும் மகன்" என்பதில் ஓட்டம் இருக்கிறது. "மருந்துச் செலவுக்குத் திண்டாடும் குடும்பம்" என்பதில் வழி இல்லாமை. "யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கும் மனைவி" என்பதில் மனம். "வேலைப்பளுவில் திணறும்" என்று அலுவலகத்தில் சொல்வதை வீட்டுக்கும் சொல்லலாம்.

வைகைக்கரை:
மேலே சொன்னது நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். எங்கள் பக்கம் "அலுப்பா இருக்கு", "சடவா இருக்கு" என்றால் உடம்பு அசதி. ஆனால் "அலுத்துப்போன மகள்" என்று துண்டறிக்கையில் போட்டுவிடாதீர்கள் அக்கா. அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டாள் என்றுதான் பலரும் படிப்பார்கள். "நொந்துபோன" என்பதும் அப்படித்தான். அதில் யாரோ நோகடித்த மாதிரி ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கும். "நொந்து நூலாயிட்டேன்" என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவரைச் சொன்னால் வலிக்கும்.

இரவுப்பணி:
நான் செவிலியர். சொல் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். "சோர்ந்துபோன" சரி. "மனச்சோர்வு அடைந்த" வேண்டாம். பத்திரிகைகளில் மன அழுத்தம், மனச்சோர்வு இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், ஆனால் எங்கள் இடத்தில் மனச்சோர்வு என்பது ஒரு நோயின் பெயர். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இறங்கியே கிடப்பது, எதிலும் ஆசை இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறிப்போவது எல்லாம் அதில் சேரும். அப்படி இருப்பவருக்குக் கூட்டம் மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை, அதாவது "பர்ன் அவுட்" என்பதை, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் நோய் என்று சொல்லவில்லை, தொழில் சார்ந்த நிலை என்றே வைத்திருக்கிறது. தொழிலுக்கு வெளியே அந்தச் சொல்லை நீட்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. வீட்டில் இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர்கள் அந்தக் கணக்கிலும் வருவதில்லை. எனக்கு அது மனதை உறுத்துகிற விஷயம். அதனால்தான் உங்கள் சொல் சரியாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன். துண்டறிக்கையின் அடியில் டெலி மானஸ் எண் 14416 போட்டுவிடுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம்.

வடமராட்சி:
எங்கட பக்கம் "அந்தரப்படுற ஆக்கள்" என்று சொல்லுவம். பதற்றமும் அவசரமும் சேர்ந்த நிலை அது. தமிழ்நாட்டில் அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். "அவ பாவம், தாயைப் பார்க்கிறதிலயே களைச்சுப்போனா" என்று எங்கட அம்மம்மா சொல்லுவா. அதுக்கு மேல அடைமொழி தேவைப்படுவதில்லை. மற்றது, "பராமரிப்பாளர்" என்றால் சம்பளத்துக்கு வந்தவர் போலக் கேட்கிறது. "பார்த்துக்கொள்பவர்கள்" என்று எழுதுங்களேன்.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் நன்றி. "களைத்துப்போன மகள்களுக்கு, மனைவிகளுக்கு" என்று எழுதி, கூட்டத்துக்கு வரும் ஒரு அக்காவிடம் காட்டினேன். "நான் களைக்கலையே, எங்க அம்மாவைத்தானே பார்க்கறேன்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம். இப்போது என்ன செய்வது?

பிழைதிருத்தி:
அப்படியானால் அந்தச் சொல்லை அவர் மேல் ஒட்ட வேண்டாம். மற்றவரைப் பற்றிச் சொல்ல அது பொருந்தும், ஒருவரை நேரில் அழைக்கும்போது பொருந்தவில்லை. அவர் செய்வதை மட்டும் சொல்லுங்கள். பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள வசதியான உயரம். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடும் வழக்கமும் இருந்தது. உங்கள் கூட்டம் அந்தக் கல்லாக இருக்கட்டும். வருகிறவர்களைச் "சுமைதாங்கிகளே" என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள். குடும்பத்தில் மூத்தவரை அப்படிப் புகழ்ந்துதான் அவர் களைப்பைச் சொல்லவிடாமல் செய்துவிடுகிறோம்.

தாழ்வாரம்:
இப்படி எழுதிவிட்டேன்:

"ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து பார்ப்பவர் நீங்கள். மருந்துக்கும் சமையலுக்கும் நடுவே அல்லாடுபவர் நீங்கள். ஒரு மாலை மட்டும் சுமையை இங்கே இறக்கி வையுங்கள். தேநீர் உண்டு. பேச விருப்பம் இல்லாவிட்டால் சும்மாவும் உட்காரலாம்."

அடியில் 14416 இருக்கிறது. மாமியாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். இதுவரை அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. நேரம் போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஞாயிறு மாலை 4 மணி என்று சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு மாமனாரோடு என் கணவர் இருந்துகொள்வார்.