மேக் மில்லரைத் தேடி பிட்ஸ்பர்க் வருபவர்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரிக் பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருப்பதால், இந்த ஊர் ராப் பாடகர் மேக் மில்லரின் ரசிகர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பூங்காவின் ஒரு மூலையில், மேட்டுச் சரிவை ஒட்டியே காங்கிரீட்டில் கட்டி நீல வண்ணம் பூசிய சறுக்குமரம் இருக்கிறது. பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் போட்டுக்கொண்டு சர்ரென்று இறங்குவார்கள். மேக்கின் முதல் ஸ்டுடியோ ஆல்பமான 'ப்ளூ ஸ்லைட் பார்க்' பெயர் எடுத்தது இங்கிருந்துதான்.

2011இல் அது அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போனது. வெளியிட்டது ரோஸ்ட்ரம் ரெக்கார்ட்ஸ் என்ற பிட்ஸ்பர்க் நிறுவனம். பெரிய கம்பெனியின் துணையில்லாமல் ஒரு முதல் ஆல்பம் அந்த இடத்தைப் பிடித்தது 1995க்குப் பிறகு அதுதான் முதல்முறை. மேக்குக்கு அப்போது வயது 19. விமர்சகர்கள் பலர் பார்ட்டிப் பாட்டு என்று சொல்லிக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

இன்றும் பலர் அந்த ஆல்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம். சொந்த வீட்டு ஸ்டுடியோவில் லாரி ஃபிஷர்மேன் என்ற பெயரில் தானே இசையமைத்து, பியானோ, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கையாண்ட மனிதர் அவர். 2013இல் வந்த 'வாட்சிங் மூவிஸ் வித் த சவுண்ட் ஆஃப்' ஆல்பத்திலேயே ஆள் மாறிவிட்டது தெரியும்.

ஒருநாள் ஒஹாயோவிலிருந்து காரோட்டி வந்த ஒரு பையனோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்கு எல்லாமே 'ஃபேசஸ்'தான். 2014இல் இலவசமாக வெளியிட்ட, 24 பாடல்கள் கொண்ட மிக்ஸ்டேப், அதாவது ஆல்பம் போன்ற பாடல் தொகுப்பு. போதையையும் சாவு பயத்தையும் அவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவனாம் அந்தப் பையன். "இவர் எனக்குப் புத்தி சொல்லவே இல்லை, கூட இருந்தார்" என்றான். மேக்கின் படைப்புகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கட்சியும்.

2018 ஆகஸ்டில் 'சுவிம்மிங்' வந்தது. அதே மாதம் வெளியான டைனி டெஸ்க் நிகழ்ச்சியை, அமெரிக்க வானொலி நிறுவனம் என்.பி.ஆர். தன் அலுவலகத்தில் நடத்தும் சிறு கச்சேரி அது, தவறவிடாதீர்கள். இசைக்கலைஞர் தண்டர்கேட் பேஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்ததும் மேக்கின் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். அப்புறம் வயலின்காரர்கள் சூழ '2009' பாடுவார். செப்டம்பர் 7ஆம் தேதி ஆள் இல்லை. 26 வயது. ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணி கலந்த போதைப் பொருள்தான் காவு வாங்கியது. அந்த வாரம் சறுக்குமரத்தைச் சுற்றி மெழுகுவத்தியும் பூவுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டியம்மா, "நம்ம தெருப் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

'சுவிம்மிங்' ஆல்பத்துக்குத் துணையாக மேக் தொடங்கிவைத்த 'சர்க்கிள்ஸ்'ஐ இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரையன் முடித்துக்கொடுத்து, 2020 ஜனவரியில் வெளியானது. ராப் குறைவு, பாட்டு அதிகம். மேக்கின் குரலை முன்னால் வைத்து, மற்றதை அடக்கி வாசித்திருக்கிறார் பிரையன். அந்த அடக்கத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எதில் தொடங்குவது என்று இங்கே வருபவர்கள் கேட்டால், 'சுவிம்மிங்', 'சர்க்கிள்ஸ்' இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கச் சொல்வேன். பிடித்துப்போனால் 'ஃபேசஸ்'. அதே காலத்தில் பதிவாகி 2025 ஜனவரியில் வெளிவந்த 'பலூனரிசம்' ஆல்பத்தை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம்.