ஆறு வாரம் செலவு எழுதினேன். பலன் உண்டா, வெறும் மனத்திருப்தியா?

நொய்யல்கரை (திரி தொடங்கியவர்)

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஆபீஸ் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுகிற ஆள். சொந்தக் கணக்கு என்று வந்தால், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் மெயிலை மூன்று வருஷமாகத் திறக்கவே இல்லை. மினிமம் ட்யூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, தானாகக் கழிந்துகொண்டிருந்தது. அதனால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் திறந்து பார்த்தேன். நிலுவை 1,12,000. கையில் வரும் சம்பளம் 38,000.

அன்றைக்கே இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, டீ 15, பார்க்கிங் 10 என்று எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். ஆறு வாரம் ஆகிறது. ஜிபேயில் தட்டும்போது வலிக்காத காசு பேனாவில் எழுதும்போது வலிக்கிறது. சாயங்கால டீயும் பஜ்ஜியுமே மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. ஆவணி முகூர்த்தங்களில் மொய் மட்டும் 4,500 போயிருக்கிறது, தண்டச் செலவு.

என் கட்சி இதுதான்: நம்மில் பலருக்கு வருமானம் பிரச்சினை இல்லை, பார்க்கப் பயப்படுவதுதான் பிரச்சினை. எழுதிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும்.

சாக்பீஸ்

38,000 வாங்குகிறவர் ‘வருமானம் பிரச்சினை இல்லை’ என்று சொல்லலாம். விழுப்புரம் பக்கம் தனியார் பள்ளியில் வேலை எனக்கு. சம்பளம் 14,500. அதுவும் வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான். மே மாதம் பள்ளி இல்லை, சம்பளமும் இல்லை. வாடகைக்கும் அரிசிக்கும் மே விடுமுறை உண்டா?

நானும் எழுதியிருக்கிறேன் சார், இரண்டு வருஷம். நோட்டுதான் தீர்ந்தது. ஒவ்வொரு மே மாதமும் மூணு வட்டிக்கு வாங்கி, தீபாவளிவரை அடைக்கிறேன். இதில் பஜ்ஜி எங்கே வருகிறது? சம்பளம் கொடுக்காதவனைக் கேட்காமல், டீ குடிக்கிறவனிடம் மனநிலையை மாற்று என்பது என்ன நியாயம்?

வட்டிக்கணக்கு

இரண்டு பேரும் ஒரே கடனைத்தான் வாங்கியிருக்கிறீர்கள், அது தெரிகிறதா?

சாக்பீஸ் வாங்குவது மூணு வட்டி, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். நொய்யல்கரையின் கார்டு அநேகமாக மூன்றரை வட்டி. தெருவில் ஒருத்தர் மூன்றரை வட்டி என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். அதையே பிளாஸ்டிக்கில் கொடுத்தால் பர்ஸில் வைத்துக்கொள்கிறோம்.

நொய்யல்கரை, உங்கள் மினிமம் ட்யூ ஐந்து சதவீதம் என்றால் 5,600. 1,12,000க்கு மூன்றரை வட்டி 3,920. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 706. ஆக 4,626 போய்விட்டது. அசலில் குறைவது 974 ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது. நிலுவை வைத்திருக்கிறவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று கார்டில் மளிகை வாங்கினால் இன்றிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டிவந்தால் அடைக்க வருஷக்கணக்கில் ஆகும் என்று ஸ்டேட்மென்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், ரிசர்வ் வங்கி விதி அது. திறந்தால்தானே படிக்க!

இந்த நிலையில் டீக்கணக்கு எழுதுவது, ஓட்டை வாளியைத் துடைத்து வைக்கிற வேலை. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்துக் கார்டை ஒரே மூச்சில் அடையுங்கள். நகைக்கடன் வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்றே வைத்தாலும் மாத வட்டி 933தான். 4,626 எங்கே, 933 எங்கே.

சாக்பீஸ், உங்கள் சம்பளம் 14,500 என்று நினைப்பதில்தான் சிக்கல். பதினொரு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 13,290 சொச்சம். அதுதான் உங்கள் சம்பளம்.

சாக்பீஸ்

வகுக்க எனக்கும் தெரியும், கணக்கு வாத்தியார்தான் நான். மாதம் 1,210 எடுத்து வை என்கிறீர்கள். எதிலிருந்து? வாடகை 4,500, பையனின் இன்ஹேலர், கேஸ், பஸ். எதை வெட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள். பள்ளி செய்கிற கோளாறை என் பழக்கத்தின் கோளாறாக மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மொய்நோட்டு

பேராவூரணிப் பக்கத்து ஆள். கடன் சண்டைக்குள் நான் வரவில்லை, அந்த ‘தண்டச் செலவு’ மட்டும் உறுத்துகிறது.

எங்கள் பக்கம், கீரமங்கலம், வடகாடு வரைக்கும், ஆடி ஆவணியில் மொய் விருந்தே வைப்போம். பந்தலுக்கு வெளியே மேசை போட்டுப் பெயரும் தொகையும் எழுதுவார்கள். கறிச்சோறு போட்டு வாங்கும் பணம் அது, வட்டி கிடையாது, ஆனால் அடுத்து அவர் வீட்டு விருந்தில் கூடுதலாகத் திருப்பியாக வேண்டும். அதில் போர்வெல் போட்டவர்களை, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் செய்த 4,500 மொய் செலவு இல்லை அண்ணா, உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. கணக்கர் நீங்கள், பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நொய்யல்கரை

மொய்நோட்டு, எங்கள் ஆடிட்டரிடம் ‘வரவேண்டியது: சித்தப்பா மகள் சடங்கு, 1,001’ என்று காட்டினால் என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். எப்போது வரும், வருமா என்று தெரியாததைச் சொத்தில் சேர்க்க முடியாது. எனக்கோ ஒரே பையன், மூன்று வயது. அவன் கல்யாணத்துக்கு மொய் வருவதற்குள் கார்டு வட்டி என்னைத் தின்றுவிடும்.

வட்டிக்கணக்கு, 974ஐப் பார்த்து இரண்டு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் எனக்கு ஒரு பயம். எங்கள் ஆபீசிலேயே ஒருத்தர் நகையை வைத்துக் கார்டை அடைத்தார். எட்டு மாதத்தில் கார்டு மறுபடி நிரம்பியது, நகையும் வங்கியில். இப்போது இரண்டு கடன். அதனால்தான் முதலில் பழக்கம், பிறகு நகை என்கிறேன்.

வட்டிக்கணக்கு

பழக்கம் படிகிறவரை மாதம் 4,626. ஒரு வருஷம் பழகினால் அரை லட்சம். விலை உயர்ந்த பள்ளிக்கூடம்தான்.

சிறுவாடு

மதுரை. வயது 58. வேலைக்குப் போனதில்லை, ஆனால் இரண்டு பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸில் பாதி என் அஞ்சறைப் பெட்டியிலிருந்து போனது. அதனால் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எழுதி மிச்சம் பிடித்தவரை நான் பார்த்ததில்லை. எடுத்து வைத்து மிச்சம் பிடித்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சம்பளக் கவரைக் கொடுத்ததும், எண்ணுவதற்கு முன்னால் ஒரு தாளை உருவிவிடுவேன். உருவியதற்குப் பிறகு இருப்பதுதான் சம்பளம். அந்த மாதம் கஷ்டம் என்றால் கத்தரிக்காய்க்குப் பதில் கீரை, அவ்வளவுதான். எழுத உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு நியாயம் கற்பித்திருப்பேன்.

வாத்தியார் தம்பி, 1,210 முடியாது, சரி. போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் கட்டுகிற ஆர்டி சேமிப்பை நூறு ரூபாயில் போடலாம்.

அப்புறம் நொய்யல்கரைத் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த நோட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சாக்பீஸ்

அக்கா, நூறு ரூபாய் ஆர்டி ஐந்து வருஷம் கட்டினால் இப்போதைய 6.7 சதவீதத்துக்கு வட்டியோடு 7,100 சொச்சம். அறுபது மாதம் கட்டி அரை மே மாதம்தான் தேறும்.

சிறுவாடு

அரை மேயும் மே தானே தம்பி. அந்த அரைக்கு மூணு வட்டி இல்லை.

நொய்யல்கரை பதிலே சொல்லவில்லை.

நொய்யல்கரை

ஆபீஸ் மேசை டிராயரில். பூட்டி.

சிறுவாடு

நினைத்தேன். அப்படியானால் வீட்டில் கார்டுக் கதையும் தெரியாது. தெரியாத பெண்ணிடம் போய் வளையலைக் கழற்று என்று எப்படிக் கேட்பது? அதுதான் ‘முதலில் பழக்கம்’ என்று நாளைக் கடத்துகிறீர்கள். ஸ்டேட்மென்டைத் திறக்காமல் இருந்தது போய், இப்போது நோட்டைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

மொய்நோட்டு

அக்கா, நீங்களும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தானே உருவினீர்கள்?

சிறுவாடு

தெரியாமல்தான். ஆனால் நான் ஒளித்தது சேமிப்பை. வாங்கின கடனை ஒளித்ததில்லை. இரண்டும் ஒன்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சாக்பீஸ்

இந்த இடத்தில் அக்கா பக்கம்தான். எனக்குக் காசு இல்லையே தவிர, வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஐந்தாவது படிக்கும் பையனுக்கே வட்டிக்காரர் வரும் தேதி தெரியும். தெரிந்ததால் கடன் குறைந்துவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை (மூன்று நாள் கழித்து)

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையன் தூங்கினதும் நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. ‘இதர 2,000’. ஐந்தாம் தேதி ஒன்று, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இன்னொன்று. “இது அத்தைக்கு அனுப்புவதுதானே? அதை ஏன் இதர என்று எழுதியிருக்கிறீர்கள்?”

இதர என்று ஒரு வரி வந்தால் ஆபீசில் வவுச்சர் கேட்டு உயிரை வாங்குகிறவன் நான். என் சொந்த நோட்டில், நான் மட்டுமே படிக்கிற நோட்டில், அம்மாவுக்குக் கொடுத்ததை அப்படி எழுதியிருக்கிறேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

நகைக்குச் சம்மதித்துவிட்டாள், இரண்டு வளையல், ஒரு ஆரம். கார்டை அன்றைக்கே வெட்ட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. வட்டிக்கணக்கு, வெட்டலாமா?

வட்டிக்கணக்கு

முதலில் முழு நிலுவையையும் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் சில்லறை வட்டி ஒன்று வந்து நிற்கும், அதையும் கட்டுங்கள். அப்புறம் வங்கியில் எழுதிக் கொடுத்து மூடி, மூடியதற்குக் கடிதம் வாங்குங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் கணக்கு மூடாது. கடன் கொடுப்பவர்கள் பார்க்கிற சிபில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம், அதனால் லிமிட்டைப் பத்தாயிரமாகக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். உங்கள் வீட்டில் நிபந்தனை போட்டவர் இருக்கும்போது நான் குறுக்கே வரவில்லை. நகைக்கடன், மொத்தமாகத் திருப்புகிற வகை என்றால் பன்னிரண்டு மாதம்தான் கெடு. இதுவரை கட்டிய 5,600ஐ நிறுத்தாமல் மாதாமாதம் அதில் கட்டிக்கொண்டே வாருங்கள்.

சாக்பீஸ்

நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அடமானம் வைக்க ஆரம் இருந்ததால் நடந்தது. எங்கள் வீட்டு ஆரம் மூன்று வருஷத்துக்கு முன்பே மூழ்கிவிட்டது.

இந்த வாரத்திலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன், தலைக்கு 400. மாதம் 2,400 வரும். நோட்டு எழுதி வந்த காசு இல்லை இது, தொண்டைத்தண்ணி வற்றி வருவது. இதை எழுதி வைப்பேனா என்றால், மாட்டேன்.

சிறுவாடு

எழுத வேண்டாம் தம்பி. ஆறு பிள்ளையில் ஒரு பிள்ளையின் காசை மட்டும் கண்ணில் காட்டாமல் வையுங்கள். எந்தப் பிள்ளை என்று முதல் நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். ஒழுங்காக ஃபீஸ் கொடுக்கிற பிள்ளையாகப் பாருங்கள்.