சிதோனியுஸ் அப்போலினாரிஸ் ஆயரானது விசுவாசத்தாலா, அரசியலாலா?

கேள்வி:
ஏறத்தாழ 430இல் லியோனில் பிறந்த சிதோனியுஸின் தந்தையும் பாட்டனாரும் காலியாவின் (இன்றைய பிரான்ஸ்) தலைமை ஆளுநர்களாக இருந்தவர்கள். மாமனார் அவிட்டுஸோ 455இல் மேற்கு உரோமைப் பேரரசராகவே ஆனவர். தாமும் 468இல் உரோமை நகர ஆட்சித் தலைவராக இருந்த இவர், ஓரிரு ஆண்டுகளிலேயே கிளேர்மோன் ஆயராகிவிடுகிறார். மூன்று பேரரசர்களைப் புகழ்ந்து பாடிய கவிஞருக்கு இந்த மனமாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

மறுமொழி 1:
மனமாற்றம் என்ற சொல்லே இங்குப் பொருந்தாது. அக்குடும்பத்தில் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் அவருடைய பாட்டனார். ஆகவே சிதோனியுஸ் கிறிஸ்தவச் சூழலிலேயே வளர்ந்தவர். மேற்கில் பேரரசின் பிடி தளர்ந்துவந்த அந்நாளில், வழக்குகளைத் தீர்ப்பதும், பஞ்சத்தில் மக்களுக்கு உணவளிப்பதும், அயல் மன்னர்களிடம் தூது செல்வதும் ஆயரின் பொறுப்பாகிவிட்டன. கல்வியும் குலப்பெருமையும் உடையவர்களையே நகரங்கள் அப்பதவிக்கு நாடின. அரசப் பதவிகள் அருகியபோது உயர்குடியினருக்கு எஞ்சிய பொதுவாழ்வு அதுவே.

மறுமொழி 2:
தொடக்கத்துக்கு அவ்விளக்கம் சரி. பின்னர் நிகழ்ந்தவற்றுக்குப் போதாது. செருமானிய இனத்தவரான விசிகோத்தியரின் மன்னர் யூரிக் 471 முதல் கிளேர்மோனை மீண்டும் மீண்டும் தாக்கியபோது, மைத்துனர் எக்திசியுஸ் படை நடத்த, சிதோனியுஸ் வியென் ஆயர் மமெர்துஸ் தொடங்கிய மன்றாட்டுப் பவனிகளைத் தம் நகரிலும் நடத்தி மக்களைத் தளரவிடாமல் காத்தார். ஆனால் 475இல் பேரரசர் யூலியுஸ் நேபோஸ் அப்பகுதியையே யூரிக்கிடம் விட்டுக்கொடுத்தார். அவ்வுடன்பாட்டில் பங்கேற்ற மார்செய் ஆயர் கிரேக்குஸுக்கு, பிறருடைய பாதுகாப்புக்குத் தங்கள் அடிமைத்தனம் விலையாகிவிட்டதென்று சிதோனியுஸ் எழுதிய மடலில் வழக்கமான சொல்லலங்காரத்தையும் மீறிச் சினம் வெளிப்படுகிறது. (தம் மடல்களை அவரே தொகுத்துச் செப்பனிட்டு வெளியிட்டார் என்பதால் சற்று எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.) அதன்பின் கர்கசோனுக்கு அருகிலிருந்த கோட்டையில் சிறைவைக்கப்பட்ட அவர், விடுதலை பெற்றதும் அதே ஆயர் பணிக்கே திரும்பினார். பதவி ஆசைக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா?

மறுமொழி 3:
தூர் நகர ஆயர் கிரகோரி ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிதோனியுஸ் மனைவிக்குத் தெரியாமல் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவாராம், மனைவி கடிந்துகொண்டால், ஏழைகளுக்கு அவற்றின் விலையைத் தந்து பாத்திரங்களை மீட்டு வருவாராம். குடும்பத்தின் அரசியலும் ஓய்ந்துவிடவில்லை. மகன் அப்போலினாரிஸ் 507இல் பிராங்குகளுக்கு எதிரான வூயேப் போரில், தந்தை எதிர்த்து நின்ற அதே விசிகோத்தியரின் பக்கம் நின்று போரிட்டார். பிற்காலத்தில் சில மாதங்கள் கிளேர்மோன் ஆயராகவும் இருந்தார்.