கட்டையில் வளர்ந்திருப்பது எந்தக் காளான்?

வணக்கம் நண்பர்களே. இரண்டு மழைக்காலமாக மண்ணில் கிடக்கும் ஒரு கட்டையில், ஓடு வேய்ந்த மாதிரி தட்டுத் தட்டாகக் காளான் அடுக்கியிருக்கிறது. காம்பு இல்லை. மேல்புறம் பழுப்பும் சாம்பலுமாக வளையம் வளையமாக, தடவினால் வெல்வெட் போல மெத்தென்று இருக்கிறது.

பார்த்ததும் டிராமெட்டீஸ் வெர்சிகலர் (‘வான்கோழி வால்’ காளான்) என்றுதான் நினைத்தேன். ஆனால் அடிப்புறம் வழவழப்பான ஸ்டீரியம் என்ற காளானும் இதே வேஷம் போடுமே! ஒன்றைப் பிய்த்துத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அடிப்புறம் வழவழப்பாக இல்லை, துளைகள் இருக்கின்றன. ஆக, ஸ்டீரியம் இல்லை.

குழப்பம் துளை அளவில்தான். வெர்சிகலர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் 3 முதல் 5 துளைகள் வரை இருக்க வேண்டும். இதில் இரண்டைத் தாண்டவில்லை. முற்றிய காளானில் துளைச்சுவர் கிழிந்து அப்படித் தெரியுமா, இல்லை வேறு இனமா?

கட்டை வெளுத்து நார்நாராக உரிகிறது, பழுப்புக் கட்டங்களாக வெடிக்கவில்லை. அதனால் மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினையும் தின்னும் வெள்ளை அழுகல் என்பது என் கணிப்பு.

கறுப்புத் தாளில் வித்துத்தூள் அச்சு (காளானிலிருந்து உதிரும் தூளின் தடம்) எடுக்க இரண்டு முறை முயன்றும் ஒன்றும் விழவில்லை. காய்ந்த தட்டை எடுத்ததுதான் தப்போ? (சமைக்கக் கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.) அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.