ஆறு வாரத்தில் திரும்பி வந்த வாசனை

ஆர்.கே. புரத்திலிருந்து:

போன வருடம் பிப்ரவரி கடைசியில் எனக்கு மூக்கில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு பக்கமும் சதை வளர்ந்து சைனஸ் வழிகளை அடைத்திருந்தது, இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள மூக்குத் தண்டும் வளைந்திருந்தது. தில்லியில் நம்மவர்கள் பலர் "இந்த ஊர் தூசிக்கு இப்படித்தான் இருக்கும்" என்று வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு போகிறார்கள். நானும் ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வாசனை எப்போது போனது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. முதலில் டிகாக்ஷன் மணம் குறைந்தது. பொடி சரியில்லை என்று கடையை மாற்றினேன். சாம்பாரில் பெருங்காயம் கூடிக்கொண்டே போனதை வீட்டுக்காரர் சொல்லித்தான் உணர்ந்தேன். ஒரு கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயிலில் வாங்கிய விபூதியை மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் பொடியாக இருந்தது. சந்நிதியிலேயே கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் டாக்டரிடம் போகவில்லை. போக வைத்தது ஒரு நவம்பர் சாயங்காலம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு அதே சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்கூலிலிருந்து வந்த மகள் வாசலிலேயே "அம்மா, கேஸ்!" என்று கத்தினாள். சிலிண்டர் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். குழந்தைக்கு வாசலில் கேட்ட அந்த எச்சரிக்கை, அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்ற எனக்கு எட்டவில்லை. அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

முன்பு பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒவ்வொரு குளிர்காலமும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார். ஒரு தடவைகூட மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புதிதாகப் பார்த்த இ.என்.டி. அம்மா பத்தே நிமிடத்தில் எண்டோஸ்கோபி செய்து திரையில் காட்டினார். தோலுரித்த திராட்சை மாதிரி வெளிறிய சதை, கொத்துக் கொத்தாக. வாசனை நரம்புகள் மூக்கின் உச்சியில் இருக்கின்றன, காற்று அங்கே போய்ச் சேர வழியே இல்லை என்றார். உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல், சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை சாப்பிட்ட வாரத்தில் ஒரு காலை தோசை கருகும் வாசனை வந்தது, அடுத்த வாரம் போய்விட்டது. நான் அழுதேன். அவரோ, "நரம்பு உயிரோடு இருக்கிறது, இது நல்ல சேதி" என்றார்.

பிப்ரவரி கடைசியை நாங்கள் யோசித்தே தேர்ந்தெடுத்தோம். நவம்பர், டிசம்பரில் இங்கே காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. பச்சைப் புண்ணை வைத்துக்கொண்டு அந்தப் புகையில் மூச்சு விட மனசில்லை. மே மாதத்தில் புழுதிக்காற்று. நடுவில் கிடைக்கும் இடைவெளி குறைவுதான். சி.டி. ஸ்கேன் எதற்கு என்று கேட்டேன். சைனஸ் அறைகளை ஒட்டியே கண்ணும் மூளையும் இருப்பதால், உள்ளே போகுமுன் வரைபடம் கையில் வேண்டுமாம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, முழு மயக்கத்தில் இருந்தேன். முகத்தில் வெட்டு, தையல் எதுவும் கிடையாது, எல்லாமே மூக்குத் துவாரம் வழியாகத்தான். கஷ்டம் விழித்த பிறகுதான். ரத்தம் வழியாமல் இருக்க இரண்டு பக்கமும் பேக் என்ற அடைப்பை வைத்து அடைத்திருந்தார்கள். வலியைவிட வாயாலேயே மூச்சு விட்டு நாக்கு அட்டையாகக் காய்ந்துபோனதுதான் கொடுமை. எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி ஒரு தடவை கருப்பாக வாந்தி வந்தது. பயந்துவிட்டேன், பழைய ரத்தம்தான், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். என் அம்மா ராத்திரி முழுக்க ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தபடிதான் தூக்கம்.

இரண்டாம் நாள் பேக்கை எடுத்தபோது தலைக்குள்ளிருந்தே எதையோ உருவுகிற மாதிரி இருந்தது. சில நொடிதான். அப்புறம் உள்ளே போன அந்த முதல் காற்று, குளிர்ந்த தண்ணீர் மாதிரி இறங்கியது.

அதற்கு மேல்தான் எங்கள் வேலை ஆரம்பம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது. தினமும் மூன்று தடவை 240 மில்லி பாட்டிலில் உப்புநீர்க் கழுவல். தொட்டியில் குனிந்து, வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே பீய்ச்சினால் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். முதல் இரண்டு வாரம் பழுப்பு நிறத்தில் பொருக்கு பொருக்காக வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே பயன்படுத்துங்கள், குழாய்த் தண்ணீரை நேராக விடவே விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது.

ஹோலியன்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். மகள் மட்டும் கீழே போய் ஆடிவிட்டு, குளித்துத் தலையைத் துவட்டிய பிறகுதான் என் அறைக்கு வந்தாள்.

சதை போன பிறகும் ஒரு மாதம் வாசனை வரவில்லை. டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நாலையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக, சில விநாடிகள், நினைவைக் குவித்து முகர வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஹம்மெல் குழுவினர் இதை 12 வாரம் செய்யவைத்து 2009இல் வெளியிட்ட முறையாம். எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிற சாமான். பன்னீர், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், கிராம்பு என்று நாலு சின்ன பாட்டிலில் போட்டு பூஜை அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் ஆரம்பத்தில் வீட்டுக்காரர் பால்கனியில் கூலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். போன கோடையின் பழைய நார்த் தட்டியை உருவினார். பூஞ்சை பிடித்த ஈர நாற்றம் ஒன்று முகத்தில் மோதியது. "நாறுது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். புதுசாக வெட்டிவேர்த் தட்டி வாங்கிவந்து மாட்டினார். அதன் மணம் எனக்கு முழுசாகத் தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

மயூர் விஹாரிலிருந்து:

எனக்கு சதை இல்லை, தண்டு வளைவு மட்டும். காலேஜில் கிரிக்கெட் பந்து பட்டது, பன்னிரண்டு வருடமாக இடது பக்கம் அடைப்பு. பேக் வைக்கவில்லை, இரண்டு பக்கமும் சிலிக்கான் தகடு வைத்து ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். இந்த ஆபரேஷனில் வெளியே மூக்கின் அமைப்பு மாறாது. "செலவு பண்ணியும் மூக்கு அப்படியே இருக்கே மாப்பிள்ளை" என்று மாமியார் நிஜமாகவே கவலைப்பட்டார்; அடைப்பு உள்ளேதான் என்று படம் போட்டு விளக்கினேன். ஐந்தாம் நாள் சென்னையில் மச்சினி கல்யாணத்துக்கு விமான டிக்கெட் எடுத்திருந்தோம். இரண்டு வாரம் விமானம் வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். தேதி குறிக்கும் முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கரோல் பாகிலிருந்து:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து என் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. எனக்கு வயது 67. சதை எடுத்து மூன்று வருடத்தில் திரும்ப வளர்ந்தது. காரணம் நான்தான், நன்றாக இருக்கிறதே என்று ஸ்ப்ரேயையும் கழுவலையும் நிறுத்திவிட்டேன். அறுவை வழியைத் திறந்து விடுகிறது, சதை வளர்க்கும் அழற்சி உடம்பில் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு விஷயம். எனக்கு ஆஸ்துமாவும் உண்டு. ஒருநாள் முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டு ஒரு மணி நேரத்தில் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் சேர்ந்திருக்கும் சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் ஆகாதாம். இரண்டும் இருக்கிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முனிர்க்காவிலிருந்து:

அக்கா, நான் ஜே.என்.யூ.வில் படிக்கிறேன். மூக்கடைப்புக்கு மருந்துக்கடை சொட்டு மருந்து போட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. போடலேன்னா ராத்திரி தூக்கமே இல்ல. இப்ப டாக்டர் அதை நிறுத்தச் சொல்றார், தண்டு வளைவுக்கு ஆபரேஷனும் வேணுங்கிறார். வீட்ல இன்னும் சொல்லல. அம்மா திருநெல்வேலியிலிருந்து வர்றது கஷ்டம். தனியா சமாளிக்க முடியுமா?

ஆர்.கே. புரத்திலிருந்து:

தம்பி, முதலில் அந்தச் சொட்டு மருந்து. அதை ஐந்து, ஆறு நாளுக்கு மேல் போட்டாலே மூக்கின் உட்சதை அதற்குப் பழகி, மருந்து இறங்கியதும் முன்னைவிட வீங்கும். உன் அடைப்பில் பாதி அதனாலேயே இருக்கலாம். டாக்டர் சொல்கிற ஸ்ப்ரேக்கு மாறி அதை விடு, முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் தனியாக இருக்க நினைக்காதே. வாய் காய்ந்து கிடக்கும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், ரத்தம் நிற்காமல் வழிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஆள் வேண்டும். அம்மாவிடம் இன்றைக்கே பேசு. அவரால் வர முடியாவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா இருக்கிறது, முனிர்க்காவிலிருந்து பக்கம்தான். சூடும் காரமும் இல்லாமல் குழைந்த தயிர்சாதம், ஆறவைத்த கஞ்சி, இவைதான் முதல் வாரம் இறங்கும். என் அம்மா எனக்குச் செய்து தந்த அதே பக்குவம் எனக்குத் தெரியும். தேதி கிடைத்ததும் சொல்லு.